ஈரத்துணி குழுவின் பாடகி

கோபம் வந்து போகிற ஆட்களைத்தான் நாம் நிறையப் பார்த்திருக்கிறோம். அவளுக்கு அது வந்து போகிற சமாசாரம் இல்லை. கூடவே குடியிருந்தது. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் பின்பக்கம், ஜெனரேட்டர் அறையை ஒட்டியிருந்த சலவைக்கூடத்தில் அவளுக்கு வேலை. அங்கே அவளுக்குச் சைரன் என்று பெயர் வைத்திருந்தார்கள். அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் முறைப்பாள், ஆனால் வேண்டாம் என்று சொன்னதில்லை. இருப்பதைத்தானே சொல்கிறார்கள் என்று விட்டுவிட்டாள்.

மெதுவாகப் பேசுகிறவர்கள் அந்தக் கூடத்தில் குப்பை கொட்ட முடியாது. ஆள் உயரச் சலவை இயந்திரங்கள் ஒரு வரிசை, எதிரே துணி பிழிகிற இயந்திரங்கள், கடைசியில் விரிப்பைத் தேய்த்து உலர்த்துகிற நீராவி உருளை. படுக்கை விரிப்பை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து, சுருக்கம் இல்லாமல் இழுத்து, இரண்டு பேரும் ஒன்றாக உருளைக்குள் விட வேண்டும். ஒருத்தி முந்தினால் விரிப்பு கோணிக்கொண்டு போய்ச் சிக்கும். அதை எடுக்கப் போனால் கை வெந்துவிடும். அதனால் எப்போது விடுவது என்று அவள்தான் சொல்வாள். விரிப்பு சரியாக விறைக்கும்வரை காத்திருந்து, ஒரு மூச்சு இழுத்து, "விடு!" என்பாள். அந்த ஒரு சொல் இத்தனை இரைச்சலையும் தாண்டி எதிர்முனைக்குப் போய்ச் சேரும். அவள் சொல்லாமல் யாரும் விடமாட்டார்கள். வருஷக்கணக்காக இப்படித்தான் நடந்தது.

வீட்டில் அவளும் தம்பியும். கணவன் என்று ஒருவர் இருந்தார். வெளியூருக்கு வேலை பார்க்கப் போனவர் அங்கேயே ஒரு குடும்பத்தையும் பார்த்துக்கொண்டார் என்று அவளே சிரிக்காமல் சொல்வாள். தம்பி டிரம்மர். ஒப்புக்குத் தட்டுகிற ஆள் இல்லை. ஊர் ஊராகப் போஸ்டர் ஒட்டி, அரங்கம் நிரப்புகிற ராக் குழு ஒன்றின் டிரம்மர். தெருவில் நிறுத்தி அவனோடு படம் எடுத்துக்கொள்வார்கள். அவ்வளவு பெரிய மனிதர் வீட்டுக்கு வந்ததும் சோபாவில் பொத்தென்று விழுவார், காலுறை ஒரு மூலைக்குப் போகும், சட்டை இன்னொரு மூலைக்குப் போகும். அதையெல்லாம் பொறுக்கித் துவைப்பது யார் என்று கேட்கவே வேண்டாம். ஆஸ்பத்திரி முழுக்கத் துவைத்துவிட்டு வருகிறவளுக்கு இது ஒரு பெரிய வேலையா என்று அவன் நினைத்திருக்கலாம். நினைத்தானா என்பதே சந்தேகம்தான்.

அந்தக் குழுவின் பாடகருக்கு மாப்பிள்ளை என்று பட்டப்பெயர். எங்கே போனாலும் மாப்பிள்ளைக்குச் செய்கிற உபசாரத்தை எதிர்பார்ப்பார், அதனால். அவருக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்தது. சில மாதங்கள் வாயே திறக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். குழு சும்மா கிடந்தது. தம்பிக்கும், நெட்டை என்று எல்லாரும் கூப்பிடுகிற கிடார்காரனுக்கும் கை அரித்தது. மாப்பிள்ளை இல்லாத நேரத்தில் நமக்குப் பிடித்ததை வாசித்துப் பார்ப்போமே என்று அவள் வீட்டுப் பின்னறையில் கடை விரித்தார்கள். அது அவள் துணி துவைக்கிற அறை. தொட்டியை ஓரங்கட்டிவிட்டு டிரம்ஸைப் போட்டார்கள், மைக் நிறுத்தினார்கள். வாசிக்கிறதை எல்லாம் பதிவு செய்வது நெட்டையின் பழக்கம், அதற்கும் ஒரு பெட்டி வந்தது. அவளிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஒருநாள் வேலை முடிந்து வந்து பார்க்கிறாள், தொட்டி நிரம்பி வழிகிறது. தம்பியின் துணி மட்டும் இல்லை, நெட்டையின் வியர்வைச் சட்டைகளும் சேர்த்து ஊறப்போட்டிருக்கிறார்கள். ஊறப்போட்டவர்கள் தொட்டிக்குப் பக்கத்திலேயே தரையில் மல்லாந்து கிடக்கிறார்கள். அவ்வளவுதான். நடு அறையில் மைக்குக்கு முன்னால் நின்றுகொண்டு அவள் திட்டத் தொடங்கினாள்.

"எழுந்திரு. உன் துணிய நீயே துவை."

அதில் தொடங்கி அவள் வாய்க்கு வந்ததை எல்லாம் வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். ஊரார் உடம்பு அழுக்கைத் துவைத்துத் துவைத்து அவள் விரல் நுனி எப்படி வெளுத்துப் போயிருக்கிறது என்பதிலிருந்து, சோபாவுக்கும் அவனுக்கும் என்ன உறவு என்பதுவரை ஒன்றையும் விடவில்லை. மூச்சு முட்டும்போது நிறுத்துவாள். அறை நிசப்தமாகும். ஒரு மூச்சு இழுத்து, மறுபடி, "எழுந்திரு." தம்பிக்கு வெட்கம் ஒரு பக்கம், சிரிப்பு ஒரு பக்கம். எழுந்து டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்தவன், அந்த மூச்சு முடிந்து அவள் வாய் திறந்த நொடியில் டிரம்ஸில் ஓங்கி ஓர் அடி அடித்துவிட்டான். அதற்கும் திட்டினாள். அடுத்த மூச்சுக்கும் அடித்தான். நெட்டை எழுந்து கிடாரை மாட்டிக்கொண்டான். பதிவுப் பெட்டி அணைக்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் அந்தப் பதிவை அவளுக்குப் போட்டுக் காட்டினார்கள். சட்டைகளை ஒழுங்காகத் துவைத்துக் காயப்போட்டுவிட்டுத்தான் காட்டினார்கள், அதையும் சொல்ல வேண்டும். தன் குரலைக் கேட்டு முதலில் அவளுக்கு எரிச்சல் வந்தது. பிறகு இன்னொரு முறை போடச் சொன்னாள். மூன்றாவது முறை விழுந்து விழுந்து சிரித்தாள்.

இப்படித்தான் ஈரத்துணி என்ற குழு பிறந்தது. அவர்கள் இருவருக்கும் அது பொழுதுபோக்கு. சின்னச் சின்ன இடங்களில் வாசித்தார்கள். பழைய கிடங்கு ஒன்று, கல்லூரி முற்றம் ஒன்று, மாடியில் இருந்த காபிக்கடை ஒன்று. பெரிய குழுவின் ஆட்கள் என்று தெரிந்து வந்த கூட்டம், அவள் வாயைத் திறந்ததும் அவளைத்தான் பார்த்தது. பாட்டின் நடுவே அந்த நிறுத்தம் வரும். எல்லாக் கருவிகளும் ஒரே வெட்டாக நின்றுவிடும். எவ்வளவு நேரம் என்று கணக்குக் கிடையாது. கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்ப்பாள், எவனாவது நெளிகிறானா என்று பார்ப்பாள், மனது விறைக்கும்வரை நிற்பாள். அவள் தோள் ஏறுவதைத் தம்பி பார்த்துக்கொண்டே இருப்பான். தோள் ஏறினால் குச்சி ஏறும். "எழுந்திரு" என்று அவள் சொல்லும்போது குச்சி இறங்கும். ஒரு மேடையில் இருந்த நிறுத்தம் அடுத்த மேடையில் இருக்காது, ஆனாலும் ஒருமுறைகூட அவன் தவறவிட்டதில்லை.

அவளுக்கு அது பொழுதுபோக்கு இல்லை. பிறந்ததிலிருந்து கோபத்தைக் குறை, குரலைக் குறை என்று கேட்டுக் கேட்டுக் காது புளித்தவள் அவள். அதே கோபத்தோடு, அதே குரலோடு வா என்று முதல்முறையாக ஓர் இடம் அவளைக் கூப்பிட்டிருந்தது. காபிக்கடையில் பாடி முடித்த சாயங்காலம் ஒரு பெண் கைக்குழந்தையோடு படிக்கட்டில் காத்திருந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். நாளைக்கு வீட்டில் இதை அப்படியே சொல்லப் போகிறேன் என்றாள். அந்தக் கைப்பிடியை அவள் நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

மாப்பிள்ளைக்குத் தொண்டை ஆறியது. ஆறியதும் ஆளனுப்பினார். தம்பியும் நெட்டையும் டிரம்ஸை, மைக்கை, ஒயர்களை எல்லாம் வண்டியில் ஏற்றினார்கள். அவள் வாசலில் நின்று, அடுத்து எங்கே பாடுகிறோம் என்று கேட்டாள். நெட்டை தலையைச் சொறிந்தான்.

"அது சும்மா ஒரு சைடு புராஜெக்ட் தானே அக்கா. ஜாலியா இருந்துச்சுல்ல?"

சும்மாவாம், ஜாலியாம். அவர்களுக்கு அது ஒரு பக்கம், திரும்பிப் போக இன்னொரு பக்கம் இருந்தது. அவளுக்கு வேறு பக்கமே இல்லை. இதை அந்த இடத்திலேயே கேட்டிருப்பாள், ஆனால் தம்பி வண்டிக்குள் ஏறித் தலையைக் குனிந்துகொண்டிருந்தான். அவன் முகத்துக்காக விட்டுவிட்டாள். தொட்டி பழைய இடத்துக்கு வந்தது. தம்பி வெளியூர்களுக்குப் போய்விட்டான்.

சில வாரம் கழித்துச் சலவைக்கூடத்தில், வார்டுகளிலிருந்து அழுக்கு மூட்டை கொண்டுவருகிற ஆள் ஒருவன் மூட்டையை அவள் காலடியில் எறிந்துவிட்டு ராகம் போட்டுப் பாடினான். "எழுந்திரு, என் துணிய நீ துவை." கூட வந்தவன் தாளம் தட்டினான். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. தன் பாட்டைத் தப்பாகப் பாடுகிறான் என்று நினைத்துத் திருத்தப் போனாள். அவன் சிரித்துக்கொண்டே கைபேசியை நீட்டினான். பெரிய குழுவின் புதுப்பாட்டு, ஊரெல்லாம் அதுதான் ஓடுகிறதாம். இயந்திரச் சத்தத்தில் கைபேசியைக் காதோடு ஒட்டிக் கேட்டாள். அதே மெட்டு, அதே அடி, அதே நிறுத்தம். பாடியது மாப்பிள்ளை. சோபாவில் கிடந்த ஆளைப் பார்த்து அவள் திட்டிய திட்டு, இப்போது ஓர் ஆண் தன் வீட்டுப் பெண்ணைப் பார்த்துப் போடுகிற அதட்டலாக மாறியிருந்தது. நடுவே அவருடைய செல்லச் சிரிப்பு வேறு.

அநியாயத்திலும் ஒரு அளவு வேண்டாமா? திருடினால் திருடினோம் என்று திருடியதையாவது அப்படியே வைத்திருக்கலாம். அவள் ஓங்கிய கையைப் பிடித்து அவள் கன்னத்திலேயே அறைய வைத்தது போல இருந்தது. அன்று முழுக்க ஒவ்வொரு மூட்டைக்கும் அந்தப் பாட்டு வந்தது. மறுநாளும் வந்தது. "விளையாட்டுக்குத்தானே, சைரன்" என்றார்கள். உருளையில் எதிர்முனை பிடிக்கிற பெண் மட்டும், இது நீ பாடிக்காட்டிய பாட்டில்லையா என்று கேட்டுவிட்டு, அவள் முகத்தைப் பார்த்து அடுத்த விரிப்பை எடுத்தாள்.

நிகழ்ச்சி ஒன்றுக்காகக் குழு ஊருக்குத் திரும்பியபோது தம்பி வீட்டுக்கு வந்தான். கையில் அவளுக்கு ஒரு புதுப் புடவை. புடவையைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது, இவனுக்கு எல்லாம் தெரியும் என்று. செருப்பைக் கழற்றவிடாமல் வாசலிலேயே நிறுத்திக் கேட்டாள். அவன் மென்று முழுங்கினான். பாட்டு நன்றாக இருக்கிறதென்று மாப்பிள்ளை கேட்டார், நெட்டை கொடுத்துவிட்டான், ஆம்பளை பாடுவதற்கு வரி பொருந்தவில்லை என்று லேசாக மாற்றினார்கள், இதெல்லாம் இந்தத் தொழிலில் சகஜம் என்று பூசி மெழுகினான். அவள் அசையவில்லை. கடைசியில் அவளைச் சமாதானப்படுத்துவதாக நினைத்துக்கொண்டு ஒன்று சொன்னான்.

மேடையில் அவர்கள் எல்லாரும் காதுக்குள் ஒரு சின்னக் கருவி மாட்டியிருப்பார்கள். தாளம் தப்பாமல் இருக்க அதில் டிக் டிக் என்று ஓடும். இந்தப் பாட்டுக்கு அது சரிப்படவில்லை. எண்ணி நிறுத்தினால் நிறுத்தம் செத்துப்போகிறது. மாப்பிள்ளைக்கு எங்கே மூச்சு விடுவதென்று பிடிபடவே இல்லை. அதனால் நெட்டையின் பெட்டியில் இருந்த அவளுடைய பழைய பதிவை எடுத்து எல்லார் காதிலும் ஓடவிடுகிறார்கள். அவள் நிறுத்துகிறபோது நிறுத்தி, அவள் தொடங்குகிறபோது தொடங்குகிறார்கள். மாப்பிள்ளையும் அவளைக் கேட்டுக் கேட்டுத்தான் பாடுகிறார். ஜனங்களுக்கு மட்டும் கேட்காது.

"நீ இல்லாம அந்தப் பாட்டே இல்ல அக்கா. எங்க எல்லார் காதுலயும் நீதான் இருக்க," என்றான் தம்பி, ஏதோ மாலை போடுகிறவன் மாதிரி.

வெளியே அவள் வாயை அடைத்துவிட்டு, உள்ளே அவளையே வேலை வாங்கியிருக்கிறார்கள். அவள் குரலைப் பிடித்துக்கொண்டு நடந்துதான் அந்த ஆள் அவளை மிதித்திருக்கிறார். வழக்கமாக அவள் குரல் தெருமுனைவரை போகும். அன்று போகவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு மெதுவாகத்தான் சொன்னாள். அவளுக்குப் புடவை வேண்டாம், பங்கு வேண்டாம், போஸ்டரில் பேரும் வேண்டாம். அவள் சொன்னது அவள் சொன்னபடி இருக்க வேண்டும், இல்லையென்றால் அவள் குரல் அங்கே இருக்கக்கூடாது.

"என்ன எடு எல்லார் காதுலேர்ந்தும். நீயும் எதையும் மாட்டாம அடி. அந்த ஆளு தன் சொந்த மூச்சுல பாடட்டும், பாக்கறேன். முடியாதுன்னா இந்த வாசப்படிய மிதிக்காத."

அந்தப் பெட்டியை மேடையில் இயக்குவது அவன்தான், எடுப்பது அவன் கையில்தான் இருந்தது. எடுத்துவிடுகிறேன் என்றான். புடவையை எடுத்துக்கொண்டு போகச் சொன்னாள்.

நிகழ்ச்சி நாள் வந்தது. வேலை முடிந்த கையோடு, சோப்பு வாசனை போகாத புடவையிலேயே போனாள். அரங்கத்தில் நாற்காலி கிடையாது, எல்லாரும் நிற்க வேண்டும். சலவைக்கூடத்தில் மூட்டைகளுக்கு நடுவே புகுந்து பழகியவள், முண்டியடித்துக்கொண்டு மேடைக்கு முன்னால் இருந்த கம்பித் தடுப்புவரை போய்விட்டாள். அவள் வந்தது ஒன்றே ஒன்றைப் பார்க்க. தன் குரல் இல்லாமல் அந்தப் பாட்டு குப்புற விழுவதைப் பார்க்க வேண்டும். விழும் என்று அவளுக்குச் சந்தேகமே இல்லை.

பாட்டு வந்தது. தம்பி காதிலிருந்து கருவியைக் கழற்றிக் கழுத்தில் தொங்கவிட்டான். சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டான் என்று அவளுக்கு ஒரு நிமிஷம் நெஞ்சு நிறைந்தது. முதல் நிறுத்தம். எல்லாம் நின்றது. மாப்பிள்ளை காதைத் தொட்டுப் பார்த்தார், திரும்பித் தம்பியைப் பார்த்தார், திகைத்தார். அவள் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள். ஆனால் மேடை அவருக்குப் பழகின இடம். ஒரு சிரிப்புச் சிரித்து, மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டினார். கூட்டம் மொத்தமும் கத்தியது, "எழுந்திரு, என் துணிய நீ துவை!" அந்தக் கத்தலில் தம்பி அடியைச் சேர்த்துக்கொண்டான். பாட்டு விழவில்லை. முன்னைவிட ஜோராக எழுந்து ஓடியது.

அப்படியானால் அவள் தேவையே இல்லை. அவளை எடுத்த இடம் தெரியாமல் தூர்ந்துவிட்டது. அவள் கேட்டபடிதான் செய்தார்கள், அதைக் கேட்டு வாங்கியவளும் அவளேதான். பக்கத்தில் நின்ற இளைஞன் ஒருவன் தன்னோடு வந்த பெண்ணைப் பார்த்து விரலை நீட்டி நீட்டி அந்த வரியைப் பாடினான். அந்தப் பெண் சிரித்துவைத்தாள்.

இரண்டாவது நிறுத்தம் வந்தது. கருவிகள் நின்றன. மாப்பிள்ளை இந்த முறை அவசரமே படவில்லை, கண்ணடித்துக்கொண்டு மைக்கை மெதுவாக நீட்டினார். அவர் கை முழுசாக நீளக் கூட்டம் காத்திருந்தது. அவ்வளவு பெரிய அரங்கம் மூச்சுக் காட்டாமல் இருந்தது. அவள் மூச்சை இழுத்தாள்.

"எழுந்திரு. உன் துணிய நீயே துவை!"

இரைச்சலைத் தாண்டிப் பழகிய குரல் அது, நிசப்தத்தில் கேட்க வேண்டுமா? கடைசிச் சுவர்வரை போனது. தம்பியின் காது திறந்திருந்தது. குச்சி அவள் சொல்லில் இறங்கியது. எண்ணிப் பார்த்து இறக்கியதில்லை, கை தானாக இறங்கியது. டிரம்ஸைக் கேட்டு நெட்டையும் கிடாரில் சேர்ந்துகொண்டான். மாப்பிள்ளை மட்டும் நீட்டிய மைக்கோடு பாட்டுக்கு வெளியே நின்றார். கூட்டத்தில் பாதி ஒரு வரியைச் சொன்னது, பாதி இன்னொரு வரியைச் சொன்னது, பாட்டு கால் பின்னி நின்றுபோனது. பின்னாலிருந்து சில பெண்கள் கைதட்டினார்கள்.

மாப்பிள்ளை மைக்கை வாயருகே கொண்டுவந்தார். "யாரோ ஒரு அக்கா வீட்டு டென்ஷன இங்க கொண்டு வந்துட்டாங்க," என்றார். அரங்கம் கொல்லென்று சிரித்தது. பிறகு திரும்பாமலே கையை உயர்த்தித் தம்பிக்குச் சைகை காட்டினார், மறுபடி தொடங்கு என்று. தம்பி தொடங்கவில்லை. இரண்டு குச்சியையும் டிரம்ஸின் மேல் வைத்தான். மாப்பிள்ளை திரும்பிப் பார்த்தார். நெட்டை பக்கத்தில் போய் ஏதோ சொன்னான். தம்பி எழுந்து மேடையின் பின்பக்கம் போய்விட்டான். மின்சாரக் கோளாறு என்று யாரோ அறிவித்தார்கள்.

மறுநாள் காலை அவள் வேலைக்குக் கிளம்புகிற நேரத்தில் தம்பி வாசலில் வந்து நின்றான். தோளில் பை. குழுவிலிருந்து அவனை நிறுத்திவிட்டார்கள். முகம் வீங்கியிருந்தது, ஆனாலும் அதில் ஒரு பெருமை இருந்தது. அவள் கட்டிப்பிடித்து அழுவாள் என்று எதிர்பார்த்து வந்த முகம் அது.

"உனக்காகத்தான் அக்கா எல்லாத்தையும் விட்டுட்டு வந்தேன்," என்றான்.

அவளுக்கு இரக்கமும் வந்தது. அவளே வளர்த்த பிள்ளை, வராமல் இருக்குமா? ஆனால் இரக்கத்தைவிடக் கோபம் பெரிதாக இருந்தது. அதை அவள் மறைக்கவில்லை.

"எனக்காகன்னு சொல்லாத. அந்த ஆளு மொதல் தடவ என் வரிய மாத்திப் பாடினப்ப நீ பின்னாடிதானே உக்காந்திருந்த? குச்சிய அன்னைக்குக் கீழ வெச்சிருந்தா, எனக்காகன்னு நானே ஊரெல்லாம் சொல்லியிருப்பேன்."

அவன் பை தோளிலிருந்து நழுவியது. அவள் வாசலைக் கடந்து தெருவில் இறங்கி நடந்தாள். வேலைக்கு நேரமாகியிருந்தது.